உதுமானியப் பேரரசு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் மாணவர்கள் வந்து நிற்பது உதுமானியர்களிடம்தான். 1300 வாக்கில், இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் ஓரத்தில் ஒரு சின்னக் குடித்தலைவனின் ஆட்சியாகத் தொடங்கியது. பிறகு ஹங்கேரி முதல் ஏமன் வரை, அல்ஜீரியா முதல் பாக்தாத் வரை விரிந்தது. 1922இல் முடிந்தது. அத்தனை காலமும் ஒரே குடும்பம், 36 சுல்தான்கள். கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, சிலர் ஒட்டோமான் என்கிறார்கள், சிலர் உதுமானியர் என்கிறார்கள், சிலர் துருக்கியர் என்றே சொல்லிவிடுகிறார்கள். எது சரி?

அரசை நிறுவியவர் பெயர் உதுமான். அந்தப் பெயரில் நாம் 'து' என்று எழுதும் அரபி எழுத்தைத் துருக்கியர் 'ஸ்' என்று ஒலிப்பதால் அவர்களுக்கு அவர் ஒஸ்மான். இத்தாலியர் வாயில் புகுந்து வந்தது ஒட்டோமான். நம் ஊரில் உதுமான் என்று பெயர் வைக்கிறோமே, அதே பெயர்தான். அதனால் தமிழில் உதுமானியர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

துருக்கியர் என்று மட்டும் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அரண்மனையில் இருந்தவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் காலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் அனத்தோலியக் கிராமத்து உழவனைக் குறித்தது. அமைச்சர் செர்பியராக இருப்பார், கட்டடக்காரர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவராக இருப்பார், சுல்தானின் தாய் இன்றைய உக்ரைனிலிருந்து வந்தவராக இருப்பார். உதுமானியர் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. அந்த அரசுக்கு ஊழியம் செய்தவர்களின் பெயர் அது.

சார், நான் பத்தாம் வகுப்பில் படித்தது: 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்து வணிக வழியை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினார்கள். இது உண்மைதானே?

நானும் அப்படித்தான் படித்தேன் தம்பி. தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்படியே பாடமும் நடத்தினேன். அது தவறு என்று தெரிந்தபின் ஒவ்வொரு வகுப்பிலும் இதைத்தான் முதலில் திருத்தினேன்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலபாரில் ஏற்றிய மிளகு எந்த வழியாக வெனிசுக்குப் போனது? அரபிக்கடல், செங்கடல், எகிப்து, பிறகு அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல். கான்ஸ்டாண்டிநோபிள் அந்தப் பாதையிலேயே இல்லை. எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. உதுமானியச் சுல்தான் முதலாம் செலீம் அவர்களை வென்று கெய்ரோவுக்குள் நுழைந்தது 1517இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததோ 1498இல். அடைத்ததாகச் சொல்லப்படும் கதவின் சாவி உதுமானியர் கைக்கு வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே போர்த்துகீசியர் இங்கே வந்துவிட்டார்கள்.

அவர்கள் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிச் சேயூத்தாவைப் பிடித்ததும் 1415இல்தான். 1453க்கு வெகு முன்பு. மிளகை இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்க வேண்டும் என்ற ஆசை, ஆப்பிரிக்கத் தங்கம், சிலுவைப் போர் உணர்வு எல்லாம் சேர்ந்து அவர்களைத் தள்ளின.

வழியை அடைக்க உதுமானியருக்கு ஒரு காரணமும் இல்லை. சுங்கம் அவர்களுக்கு வருமானம். எகிப்தைப் பிடித்தபின் செங்கடல் வழியைக் காக்கக் கப்பற்படை அனுப்பினார்கள். 1538இல் குஜராத்தின் தியூ கோட்டையில் போர்த்துகீசியரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். 1568இல் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்துக் கால்வாய் வெட்ட முடியுமா என்று அளந்து பார்க்கச் சொல்லி எகிப்து ஆளுநருக்கு ஆணை போனது. சூயசுக் கால்வாய்க்கு 300 ஆண்டுகள் முன்பு! 16ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்கடல் வழி மிளகு வணிகம் மறுபடி செழித்தது. 'துருக்கியர் வழியை அடைத்தார்கள்' என்ற அந்த ஒரு வரி பாடப்புத்தகங்களிலிருந்து போனால் எனக்கு மனம் நிறையும்.

கப்பல்களை மலைமேல் இழுத்துப் போனார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகை 1453 ஏப்ரல் 6இல் தொடங்கியது. பொற்கொம்பு எனப்படும் உள்வாய்க் கடலுக்குக் குறுக்கே, நகரை ஆண்ட பைசாந்தியர் (கிழக்கு ரோமர்) இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். அதைத் தாண்ட முடியாத உதுமானியச் சுல்தான் இரண்டாம் மெகமது, கலாத்தா மேட்டின் வழியே மரங்களைப் பரப்பிக் கொழுப்பைத் தடவி, ஏப்ரல் 22 அன்று ஏறத்தாழ 70 கப்பல்களைத் தரைமேல் இழுத்து மறுபக்கம் இறக்கினார். காவலுக்கு இருந்ததே 7,000 பேர் அளவு. மதிலின் அந்தப் பக்கத்துக்கும் ஆள் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. மே 29இல் நகரம் விழுந்தது. மெகமதுக்கு வயது 21.

பீரங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பீரங்கியை வார்த்துக் கொடுத்தவர் ஒர்பான் என்ற ஹங்கேரியர். அவர் முதலில் போய் நின்றது பைசாந்தியப் பேரரசரிடம்தான். கேட்ட கூலியைக் கொடுக்க அங்கே பணம் இல்லை. அந்தப் பேரரசின் கடைசி நிலையைச் சொல்ல எனக்கு இதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

இஸ்தான்புல் என்று பெயர் மாற்றியது மெகமதா?

இல்லை. நாணயங்களில் கான்ஸ்டாண்டிநோபிளின் அரபி வடிவமான 'கொஸ்தந்தினிய்யா' என்றே நெடுங்காலம் அடித்தார்கள். கிரேக்க மொழியில் 'நகரத்துக்கு' என்று பொருள்படும் சொற்றொடர் மக்கள் வாயில் தேய்ந்து இஸ்தான்புல் ஆனது. சென்னைக்குப் போகிறவர் முன்பெல்லாம் "பட்டணம் போறேன்" என்றுதானே சொல்வார்? அதேதான். 1930இல்தான் அது ஒரே அதிகாரப்பூர்வப் பெயர் ஆனது.

அடிமையாகப் பிடித்து வந்தவர்கள் முதலமைச்சர் ஆனார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். நம்ப முடியவில்லை. விளக்குங்கள் அம்மா/ஐயா.

ஐயாதான், அம்மா. நல்ல கேள்வி. இந்த அரசின் நெஞ்சே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

'தெவ்ஷிர்மே' என்றால் திரட்டுதல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் கிராமங்களுக்கு அதிகாரி வருவார். கிறித்தவ வீடுகளில், பொதுவாக 40 வீட்டுக்கு ஒரு பையன் என்ற கணக்கில், எடுத்துச் செல்வார். ஒரே மகனாக இருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. பையன்களின் பெயர், ஊர், பெற்றோர், அடையாளம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். மதம் மாற்றி, துருக்கிக் குடும்பங்களில் விட்டு மொழி பழக்குவார்கள். பெரும்பாலோர் யெனிச்சேரி என்ற காலாட்படைக்குப் போவார்கள். சூட்டிகையான சிலர் இஸ்தான்புல்லில் சுல்தானின் தோப்காப்பி அரண்மனைப் பள்ளிக்கு.

அப்படிப் போன ஒருவர் சொக்கொல்லு மெகமது பாஷா. இன்றைய பொஸ்னியாவில் விஷெகிராது அருகே ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் எடுத்துச் செல்லப்பட்டார். படிப்படியாக உயர்ந்து 1565 முதல் 1579 வரை பெருவசீர், அதாவது தலைமை அமைச்சர். மூன்று சுல்தான்களுக்குத் தொடர்ந்து அதே பதவி. சூயசுக் கால்வாய்த் திட்டம் எழுந்தது இவர் ஆட்சிக் காலத்தில்தான். 1566இல் ஹங்கேரிப் போர்க்களத்துக் கூடாரத்தில் சுல்தான் சுலைமான் இறந்தபோது, இளவரசர் வந்து சேரும்வரை படைவீரர்களுக்கே தெரியாமல் அந்தச் சாவை வாரக்கணக்கில் மறைத்து வைத்தவரும் இவர்தான்.

தன் பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. தான் எந்த ஆற்றைக் கடந்து இழுத்துச் செல்லப்பட்டாரோ, அந்த திரினா ஆற்றுக்கு விஷெகிராதில் 11 வளைவுகள் கொண்ட கற்பாலம் கட்டினார். அதைக் கட்டிய சினானும் இதே முறையில் எடுக்கப்பட்ட பையன்தான். சுலைமானியா பள்ளிவாசலையும் எதிர்னே நகரின் செலீமியா பள்ளிவாசலையும் எழுப்பிய அதே சினான். 1557இல் செர்பியத் திருச்சபைக்குத் தலைமைப் பீடம் மறுபடி கிடைத்தபோது அதில் அமர்ந்த மகாரியே, சொக்கொல்லுவின் உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் இஸ்லாமியப் பேரரசின் வசீர், ஒருவர் கிறித்தவப் பெருந்தலைவர்.

இதைச் சொன்னதும் வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எவ்வளவு உயர்ந்த வாய்ப்பு என்று ஒரு கட்சி, எவ்வளவு பெரிய கொடுமை என்று மறு கட்சி. இரண்டுமே நடந்தது என்பதே என் பதில். தன் பையனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையூட்டுக் கொடுத்த குடும்பமும் உண்டு, எடுத்துப் போய்விடுவார்கள் என்று சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்த குடும்பமும் உண்டு. ஒரு வசீருக்காக எத்தனை தாய்மார் ஆற்றங்கரையில் நின்று அழுதிருப்பார்கள் என்பதை நான் விட்டுவிட்டுப் பாடம் நடத்தியதில்லை.

சுல்தானின் கணக்கு தெளிவானது. பிரபுக் குடும்பத்தவரை அமைச்சராக்கினால் அவருக்குச் சொந்த ஊர், சொந்த நிலம், சொந்தப் படை இருக்கும். இந்தப் பையன்களுக்குச் சுல்தானைத் தவிர யாரும் இல்லை. தலை எடுக்கச் சொன்னால் கேட்க நாதியும் இல்லை.

யெனிச்சேரிகள் கடைசியில் சுல்தானுக்கே எதிரியானது எப்படி?

அவர்கள் வாழ்க்கையே சோற்றைச் சுற்றி அமைந்தது. படைத்தலைவருக்குப் பட்டம் 'சோர்பாஜி', சூப்புக்காரர் என்று பொருள். தலைப்பாகையில் கரண்டி செருகியிருக்கும். ஒவ்வொரு பிரிவின் மானமும் அதன் பெரிய செம்பு அண்டாவில் இருந்தது. சுல்தான் கொடுத்த சோற்றை உண்பது விசுவாசம். அண்டாவைக் கவிழ்த்து வைத்தால் கலகம்.

தொடக்கத்தில் திருமணம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் அது தளர்ந்தது. பிறகு மகன்கள் படையில் சேர்ந்தார்கள். பிறகு கடை வைத்தார்கள், தொழிற்சங்கங்களோடு கலந்தார்கள், சம்பளச் சீட்டையே வாங்கி விற்றார்கள். 1622இல் தங்களை ஒழிக்க நினைத்த 17 வயதுச் சுல்தான் இரண்டாம் உதுமானைக் கொன்றே போட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1826 ஜூனில் அவர்கள் மறுபடி அண்டாவைக் கவிழ்த்தபோது, சுல்தான் இரண்டாம் மகமூது படைக்கொட்டில்களைப் பீரங்கியால் தகர்த்தார். ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆனால் அவர்களை வெறும் ரவுடிக் கூட்டம் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. நகரத்துச் சாமானியனுக்கு அரண்மனையை மிரட்டக்கூடிய ஒரே குரலாகவும் அவர்கள் இருந்தார்கள்.

சகோதரர்களைக் கொல்வது சட்டமாகவே இருந்ததாமே?

இருந்தது. உலக ஒழுங்குக்காக ஆட்சிக்கு வரும் மகன் தன் சகோதரர்களைக் கொல்லலாம் என்ற விதி இரண்டாம் மெகமதின் சட்டத்தொகுப்பில் வருகிறது. 1402இல் மத்திய ஆசியப் படையெடுப்பாளர் தைமூர் அங்காராவில் சுல்தான் முதலாம் பாயசீதைச் சிறைப்பிடித்தபின், அவர் மகன்கள் பதினோரு ஆண்டுகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு நாட்டையே பிளந்தார்கள். அந்தப் பயம்தான் வேர். அரச இரத்தம் சிந்தக்கூடாது என்று நாணால் கழுத்தை நெரிப்பார்கள்.

1595இல் மூன்றாம் மெகமது பட்டத்துக்கு வந்த அன்று 19 தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பலர் சிறுவர்கள். அரண்மனையிலிருந்து வரிசையாக வந்த சவப்பெட்டிகளைப் பார்த்து இஸ்தான்புல் மக்கள் அழுதார்கள். 1603இல் வந்த முதலாம் அகமது தன் தம்பியை விட்டுவைத்தார். அதன்பின் கொலை குறைந்து, இளவரசர்களை அந்தப்புர அறைகளில் அடைத்து வைக்கும் 'கஃபெஸ்', கூண்டு முறை வந்தது. உயிர் தப்பியது. ஆனால் நாற்பது வயது வரை ஊரையே பாராமல் இருந்தவர் திடீரென்று சுல்தான் ஆனால் என்ன ஆட்சி செய்வார்?

முகலாயர்களுக்கும் இவர்களுக்கும் உறவு இருந்ததா?

பாயசீதைச் சிறைப்பிடித்த தைமூரின் வழித்தோன்றல்தான் பாபர். அந்த பாபர் 1526இல் பானிபத்தில் வண்டிகளைக் கயிற்றால் பிணைத்து, இடையில் துப்பாக்கி வீரரை நிறுத்தினார். இது 'ரூமி' முறை, அதாவது உதுமானியர் முறை என்று தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. செய்தி அலி ரெயிஸ் என்ற உதுமானியக் கடற்படைத் தலைவர். 1554இல் பாஸ்ராவிலிருந்து கப்பல்களோடு புறப்பட்டு, போர்த்துகீசியரிடம் அடிபட்டு, புயலில் சிக்கிக் குஜராத்தில் ஒதுங்கினார். கப்பல் போனது. தரைவழியாகவே ஊர் திரும்புவது என்று கிளம்பினார். 1556 ஜனவரியில் ஹுமாயூன் படியில் தவறி விழுந்து இறந்தபோது செய்தி அலி தில்லியில் இருந்தார். அக்பர் வந்து சேரும்வரை சாவை மறைத்து வையுங்கள் என்று தானே யோசனை சொன்னதாகத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகள் கழித்து சுலைமானுக்கும் அதுவே நடந்தது. இரண்டு பேரரசும் ஒரே அச்சத்தில் வாழ்ந்தன.

அச்சு இயந்திரத்தைத் தடைசெய்து பின்தங்கினார்கள் என்பது பற்றி?

இஸ்தான்புல்லில் யூதர்கள் 1493இலேயே எபிரேய அச்சகம் வைத்திருந்தார்கள். 1492இல் ஸ்பெயின் துரத்தியவர்களுக்கு இரண்டாம் பாயசீது இடம் கொடுத்ததன் பலன் அது. ஆர்மேனியரும் கிரேக்கரும் பின்னால் தொடங்கினார்கள். துருக்கி மொழியில் நூல்கள் அச்சிட 1727இல்தான் இப்ராகிம் முத்தஃபெரிக்கா அனுமதி பெற்றார். முதல் நூல், ஓர் அகராதி, 1729இல் வந்தது. அச்சிட்டால் மரண தண்டனை என்று ஆணை இருந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த ஆணையின் ஏடு ஒன்றையும் இதுவரை ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை. கையெழுத்துப் பிரதிக்கு இருந்த மதிப்பும், அதை நம்பிப் பிழைத்த எழுத்தர் கூட்டமும், வாங்குவோர் குறைவாக இருந்ததும் போதிய காரணங்கள். தாமதம் உண்மை. அதனால் விளைந்த இழப்பும் உண்மை.

சுலைமானுக்குப் பிறகு 350 ஆண்டுகள் வீழ்ச்சிதான் என்று சொல்வது சரியா?

எந்த அரசு 350 ஆண்டுகள் விழுந்துகொண்டே இருக்கும்? 1683இல் வியன்னாவை இரண்டாம் முறை முற்றுகையிடும் வலு அவர்களுக்கு இருந்தது. அங்கே தோற்று, 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ஹங்கேரியின் பெரும்பகுதியை இழந்தது முதல் பெரிய சரிவு. 1774இல் ரஷ்யாவிடம் கிரிமியாவின் மேலிருந்த பிடியை விட்டது அதைவிட வலித்தது. ஏனென்றால் அங்கே வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள்.

19ஆம் நூற்றாண்டில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1839இல் சமயம் பாராமல் எல்லாக் குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் காப்பு என்று அறிவித்தார்கள். 1876இல் அரசியலமைப்பும் நாடாளுமன்றமும் வந்தன. இரண்டாம் அப்துல் ஹமீது ஒன்றரை ஆண்டுகூட ஆகுமுன் அதை மூடினார். கழுத்தைப் பிடித்தது கடன். 1854இல் கிரிமியப் போருக்காக முதல் வெளிநாட்டுக் கடன் வாங்கினார்கள். 1875இல் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். 1881 முதல் உப்பு, புகையிலை, பட்டு வரிகளைக் கடன்கொடுத்தவர்களின் நிர்வாகமே நேராக வசூலித்தது. தன் உப்பின் வரியை அயலான் எடுத்துப் போவதைப் பார்த்திருக்கும் அரசு எவ்வளவு நாள் நிற்கும்?

ஆர்மேனியர்களைப் பற்றி நீங்கள் பேசுவீர்களா, தவிர்ப்பீர்களா?

பேசாமல் இருந்தால் நான் ஆசிரியன் இல்லை. 1915 ஏப்ரல் 24இல் இஸ்தான்புல்லின் ஆர்மேனியத் தலைவர்களும் அறிஞர்களும் கைதானார்கள். பிறகு அனத்தோலியா முழுவதிலும் இருந்து குடும்பம் குடும்பமாகச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் கொலை, பசி, நோய். இறந்தவர் ஆறு லட்சம் முதல் பதினைந்து லட்சம் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். துருக்கி அரசு இனப்படுகொலை என்ற சொல்லை ஏற்பதில்லை. பெரும்பாலான வரலாற்றாளர் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள், நானும்தான். யூதருக்கு இடம் கொடுத்த அதே பேரரசின் பெயரில் இதுவும் நடந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள்.

என் வாப்பாவின் வாப்பா படத்தில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி போட்டிருக்கிறார். அது நம் ஊருக்கு எப்படி வந்தது?

யெனிச்சேரிகளை ஒழித்த மகமூதுதான் 1829இல் அரசு ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கினார். தலைப்பாகையைப் பார்த்தாலே இன்னார், இன்ன மதம், இன்ன பதவி என்று தெரியும். தொப்பி எல்லாரையும் ஒன்றாக்கியது. முன்விளிம்பு இல்லாததால் தொழுகையில் நெற்றி தரையில் படும். அலிகார் கல்லூரி மாணவர்கள் அணிந்தார்கள், இந்திய முஸ்லிம்களிடையே படித்தவரின் அடையாளமாகப் பரவியது. உலக முஸ்லிம்களின் தலைவர், கலீஃபா, என்று கருதப்பட்ட உதுமானியச் சுல்தானின் நாட்டோடு ஒரு நெருக்கமும் அதில் இருந்தது. 1925இல் துருக்கியில் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம் ஊரில் அதற்குப் பிறகும் பல காலம் அணிந்தார்கள். படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கலீஃபா பதவி போனபோது இந்தியாவில் ஏன் அவ்வளவு பெரிய போராட்டம்? கடைசி கலீஃபாவின் குடும்பம் என்ன ஆனது?

1517இல் கெய்ரோவில் அப்பாசியக் கலீஃபா பட்டத்தைச் செலீமிடம் முறைப்படி ஒப்படைத்தார் என்ற கதை பின்னாளில் பரவியது. அக்காலப் பதிவுகளில் அப்படியொரு சடங்கு இல்லை. ஆனால் மக்காவும் மதீனாவும் அவர்கள் காவலில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக முஸ்லிம் நாடுகள் ஐரோப்பியர் வசம் போனபோது, தலைநிமிர்ந்து நின்றதாகத் தெரிந்த அரசு இது ஒன்றே. தமஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1900 முதல் 1908 வரை ஹிஜாஸ் ரயில்பாதை போட்டபோது இந்தியாவிலிருந்தும் நன்கொடை போனது. அந்தப் பிணைப்புதான் 1919இல் கலீஃபா பதவியைக் காக்க அலி சகோதரர்களும் காந்தியும் நடத்திய கிலாபத் இயக்கமாக வெடித்தது.

1922 நவம்பர் 1இல் அங்காரா நாடாளுமன்றம் சுல்தான் பதவியை ஒழித்தது. வஹ்தெத்தின் என்ற பெயருடைய கடைசிச் சுல்தான் ஆங்கிலப் போர்க்கப்பலில் வெளியேறினார். கலீஃபாவாக மட்டும் அமர்ந்த இரண்டாம் அப்துல் மஜீது, ஓவியம் வரைபவர், இசை அறிந்தவர், 1924 மார்ச்சில் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். பிரான்சில் வாழ்ந்த அவருக்கு ஹைதராபாத் நிஜாம் மாதந்தோறும் பணம் அனுப்பினார். 1931இல் நீஸ் நகரில் கலீஃபாவின் ஒரே மகள் துருஷெவார் நிஜாமின் மூத்த மகனை மணந்தார். அதே நாளில் உதுமானிய வம்சத்தில் வந்த நிலூஃபர் இளைய மகனை மணந்தார். 1944இல் பாரிசில் இறந்த அப்துல் மஜீதின் உடலைத் துருக்கி ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மதீனாவில் அடக்கம் செய்தார்கள்.

நிலூஃபருக்குக் குழந்தை இல்லை. பிரசவத்தில் தன் பணிப்பெண் இறந்தது கண்டு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார் என்பார்கள். ஹைதராபாத் போனால் பாருங்கள். நிலூஃபர் மருத்துவமனை வாசலில் இன்றும் கைக்குழந்தைகளோடு கூட்டம் நிற்கிறது.